பைலுக்குள் இருந்த அம்மா

கோபத்தில் மனிதன் எதையெல்லாமோ கேட்டு வாங்குவான். அடி கேட்டு வாங்குவான், வழக்குக் கேட்டு வாங்குவான், வீண் பேச்சுக் கேட்டு வாங்குவான். ஆனால் அரசாங்கம் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் பைலை மட்டும் நாலு பேருக்கு முன்னால் உரத்து வாசிக்கும்படி கேட்கக் கூடாது. நான் கேட்டேன். ஒருமுறை அல்ல, எட்டு மாதம் கேட்டேன். தெல்லிப்பழையில் ரயிலேறி, யாழ்ப்பாணத்தில் இறங்கி, நொண்டி நொண்டிப் போய்க் கேட்டேன். கடைசியில் வாசித்தார்கள். அன்றைக்கு நான் கதிரைக்குக் கீழே போய் ஒளிந்திருப்பேன். இடது முழங்கால் மடங்காதபடியால் முடியவில்லை.

முதலில் அந்தக் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி மூன்றாம் வருடம் பட்டாளத்தில் சேர்ந்தேன். வயது இருபத்தொன்று. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசும், அப்பாவின் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்து உரமேறிய உடம்பும் இருந்தன. இரண்டையும் ஒன்றாகக் கண்டால் வெள்ளைக்காரன் என்னை நேரே அதிகாரியாக்கிவிடுவான் என்று எல்லாரும் நம்பினார்கள். (எல்லாரும் என்றால் நான்.) மலைநாட்டு முகாம் ஒன்றில் பயிற்சி தந்து, திருகோணமலைத் துறைமுகத்துப் பண்டகசாலைக்குப் பெட்டி தூக்க அனுப்பினார்கள். அங்கே ஒருநாள், இரண்டு பேர் தூக்க வேண்டிய பெட்டியை, "தள்ளி நில்லுங்கோடா, நான் தனியத் தூக்கிறன்" என்று சொல்லித் தூக்கினேன். பெட்டி மேலே போகவில்லை. கீழே வந்தது. முழங்காலும் அதற்குக் கீழே இரண்டு எலும்பும் போயின.

ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அம்மா என் காலைக் கட்டிப் பிடித்து அழுதார். அழுது முடித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "பெட்டிக்குள்ளை என்ன மோனை இருந்தது?"

"பிஸ்கட், அம்மா."

பிஸ்கட்டுக்கு முட்டை போடுவார்களோ என்று அம்மா இரண்டு நாள் யோசித்தார். எங்கள் வீடு அவ்வளவு சைவம். பெட்டிக்குள் உண்மையில் என்ன இருந்தது என்பதை நான் அப்போது சொல்லவில்லை.

கால் பழுதானால் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரனுக்கு எல்லாம் முடிந்தது. அந்த நாளில் தோட்டத்துக்குத் தண்ணீர் துலாவால்தான் இறைப்பது. ஒருவர் கிணற்றடியில் நின்று தண்ணீர் அள்ளும் ஓலைப் பட்டையைப் பிடிக்க, இன்னொருவர் மேலே துலாமரத்தில் ஏறி முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து மிதிக்க வேண்டும். அப்பாவுக்கு வயது போய்விட்டது. மிதிக்க வேண்டியவன் நான். மடங்காத காலோடு ஒருநாள் ஏறிப் பார்த்தேன். (என்னை இறக்குவதற்கு ஒரு ஏணியும் மூன்று பேரும் வேண்டியிருந்தது.) அந்த வருடம் அரைத் தோட்டம் தரிசாகக் கிடந்தது. சேவையில் காயப்பட்டவர்களுக்குப் பென்சன் உண்டு என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். அது கிடைத்தால் துலா மிதிக்க ஒரு கூலியாள் பிடிக்கலாம், தோட்டமும் நாங்களும் பிழைக்கலாம். கிடைக்காவிட்டால் காணியை விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

பதில் வந்தது. "விண்ணப்பகாரரின் கால் ஊனம் அவர் சேவையில் சேருமுன்னரே இருந்ததென அவரது பைலில் உள்ள ஒரு பத்திரத்தால் தெரியவருகிறது. விசாரணை நிலுவையில் உள்ளது."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. நல்ல காலைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். காலை வாங்கியதும் போதாமல், நீ முதலே நொண்டிதானே என்று சொன்னால் யாருக்குப் பொறுக்கும்? பென்சன் ஒருபக்கம் கிடக்கட்டும். என்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டார்களே என்பதுதான் எனக்கு நெஞ்சைக் கொதிக்க வைத்தது. அந்தப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று அடுத்த ரயிலில் புறப்பட்டேன்.

பென்சன் கந்தோரில் ஒரு கிளாக்கர் இருந்தார். மெலிந்த மனிதர், மரியாதையானவர். அவரோடு சண்டை பிடிக்கவும் முடியாது, அவரிடமிருந்து ஒன்றைப் பெறவும் முடியாது.

"தம்பி, உங்கடை பைல் இஞ்சைதான் இருக்கு" என்று மேசை லாச்சியைத் தட்டிக் காட்டினார்.

"அப்ப தாங்கோ, பாத்திட்டுத் தாறன்."

"விசாரணை முடியாமல் சொந்தப் பத்திரங்கள் தர ஏலாது. அது சட்டம்."

"அதைப் பாக்காமல் விசாரணையிலை நான் என்னத்தைக் கதைக்கிறது?"

"அதை விசாரணையிலை கேளுங்கோ."

"விசாரணை எப்ப?"

"பைல் பூரணமானாப் பிறகு."

"பைல் எப்ப பூரணமாகும்?"

கிளாக்கர் கொஞ்சம் யோசித்தார். "விசாரணை முடிஞ்சாப் பிறகு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு அது சரியாகத்தான் பட்டது.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை போனேன். பட்டாளத்துக் காக்கிக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு போனேன், பயப்படுவார் என்று. அவர் பயப்படவில்லை, கதிரை தந்தார். ஒருநாள் பைலை எடுத்து மேசையில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "இதுதான் தம்பி" என்று மட்டும் காட்டினார். நல்ல தடிப்பாக இருந்தது. பெட்டி தூக்கின ஒருவனைப் பற்றி இவ்வளவு எழுத இருக்கிறதா என்று, சொன்னால் வெட்கம், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பத்திரத்தை எழுதியது யார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவனைப் பற்றி மேலிடத்துக்குப் பெட்டிசம் போய்விட்டது என்றால், எழுதினவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தால் போதும். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வேலுப்பிள்ளையர். வருடா வருடம் வேலி அடைக்கும்போது வேலிக் கதியால் தடியை அவர் ஒரு சாண் எங்கள் பக்கம் தள்ளி நடுவார். அடுத்த வருடம் நாங்கள் அதை ஒன்றரைச் சாண் திருப்பி நடுவோம். (அரைச் சாண், மனவருத்தத்துக்கு.) அப்படிப்பட்ட ஒருவர் என் காலைப் பற்றி எழுதாமல் விடுவாரா?

ஒருநாள் காலை வேலியடியில் போய் நின்று, வேலியைப் பார்த்து உரத்துச் சொன்னேன்: "பெட்டிசம் எழுதிற ஆக்கள் ஆம்பிளையள் எண்டால் கீழை பேரையும் போடவேணும்." (வேலியைப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் முறை. ஆளைப் பார்த்துச் சொன்னால் வழக்கென்று கோட்டுக்குப் போக வேண்டிவரும்.)

வேலியில் கட்டிய ஓலைக் கிடுகை விலக்கிக்கொண்டு வேலுப்பிள்ளையரின் தலை தெரிந்தது. "ஆரைத் தம்பி சொல்லுறாய்?"

"விளங்கினவைக்கு விளங்கும்."

"உன்ரை காலைப் பற்றி எழுத எனக்கென்ன விசரோ?"

"காலைப் பற்றி எண்டு நான் சொல்லேல்லையே. உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"எட்டு மாதமாய் ஊரெல்லாம் அதைத்தானே சொல்லிக்கொண்டு திரியிறாய்" என்றார் வேலுப்பிள்ளையர். "சரி, விசாரணைக்கு நானும் வாறன். ஆர் எழுதினதெண்டு எனக்கும் அறியத்தான் வேணும்."

"வாங்கோ. முன்வாங்கிலை இருந்து கேளுங்கோ" என்றேன்.

சத்தம் கேட்டு அம்மா அகப்பையோடு குசினிக்குள்ளிருந்து வந்தார். "உந்தப் பைல் கதையை விடு மோனை. கால் ஏலாது எண்டு சொன்னால் காணாதே? ஏன் உதுகளைக் கிண்டுறாய்?" என்றார். பாவம், அம்மாவுக்குக் கந்தோர் என்றாலே பயம் என்று நினைத்தேன். பைலைக் கிண்டத்தான் வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். அம்மா திரும்பக் குசினிக்குள் போய்விட்டார்.

எனக்கு வழி காட்டியவர் கந்தையா அம்மான். அம்மாவின் தமையன். பெட்டிசம் எழுதுவதில் வலிகாமம் முழுவதும் தேடினாலும் தனக்கு நிகர் இல்லை என்பது அவருடைய எண்ணம், அது உண்மையும்தான். றோட்டுக்குக் கல் போடாவிட்டாலும், வாத்தியாரை மாற்ற வேண்டுமானாலும், மாட்டைக் கட்டாமல் விட்டுத் தண்டம் வந்தாலும் சனம் அவரிடம்தான் வரும். அவருடைய இங்கிலீசை வாசித்த துரைமார் அழுதுவிடுவார்கள் என்று சொல்வார். என் கதையைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பைலைத் தா எண்டு கேட்டால் தர ஏலாது எண்டு சொல்லுவினம். வாசி எண்டு கேள். விசாரணையிலை எந்தக் கடுதாசியை வைச்சு உன்னை மறுக்கினமோ, அதை உனக்கு முன்னாலை வாசிக்கச் சொல்ல உனக்கு உரிமை இருக்கு. வாசிக்கிறது வேறை, தாறது வேறை."

அன்றே எழுதித் தந்தார். முதலாவது எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை, இங்கிலீசிலும், தாய் தகப்பனுக்கு விளங்கும்படி தமிழிலும், சபையறிய உரத்து வாசிக்க வேண்டும் என்று கேட்டிருந்தோம். "உரத்து" என்ற சொல்லை நான்தான் போடச் சொன்னேன். வேலுப்பிள்ளையருக்கு ஒரு காது மந்தம்.

விசாரணை நாள் வந்தது. அம்மா, அப்பா, கந்தையா அம்மான், நான் எல்லாரும் காலை ரயிலில் போனோம். வேலுப்பிள்ளையர் அதே ரயிலில் அடுத்த பெட்டியில் குடையோடு வந்தார். கந்தோரின் பெரிய அறையில், முறைக்குக் காத்திருந்த என்னைப் போன்ற பட்டாளத்துக்காரரும் அவர்களுடைய சனமுமாக, உட்காரும் வாங்குகள் நிறைந்திருந்தன. மேசைக்குப் பின்னால் கொழும்பிலிருந்து வந்த தலைவர் இருந்தார். ஓய்வுபெற்ற நீதவான், இங்கேயே பிறந்து வளர்ந்த பறங்கியர், வெள்ளை மீசை. பக்கத்தில் கிளாக்கர். மறுபக்கம் மொழிபெயர்ப்பாளர். கோட்டில் இருபது வருடம் சாட்சிகளின் பெயர் சொல்லிக் கூப்பிட்ட தொண்டை அவருக்கு. அவர் மெல்லச் சொன்னாலே தெருவுக்குக் கேட்கும்.

தலைவர் நல்ல மனிதர். "பத்திரத்தின் தேவையான பகுதியை மட்டும் சொல்லட்டுமா?" என்று என்னைக் கேட்டார்.

நான் எழுந்து நின்று, இங்கிலீசில், "முழுவதும், ஐயா. ஒரு சொல்லும் விடாமல்" என்றேன். திரும்பி வேலுப்பிள்ளையரை ஒரு பார்வை பார்த்தேன்.

முதலில் விபத்து அறிக்கையை வாசித்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேற்படி சபாரத்தினம் என்பவர், தகரத்தில் அடைத்த மாட்டிறைச்சி கொண்ட பெட்டியைத் தூக்கும்போது, அது அவர் காலில் விழுந்து…" என்றார்.

"மாடோ?" என்றார் அம்மா. அறை முழுவதும் கேட்டது.

"பிறகு கதைப்பம் அம்மா" என்றேன். அம்மா என் காலைப் பார்த்தார். அந்தக் காலைத் தொட்டு அழுத தன் கையையும் பார்த்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அந்தப் பத்திரம் வந்தது. மூன்று தாள். நீல மை. நான் கேட்டிருந்தபடியே, உரத்து, தமிழில் வாசித்தார்.

"தங்கள் சமூகத்தின் பாததூளியிலும் தாழ்ந்த மனுதாரர், பெருகும் கண்ணீரால் எழுத்து அழிந்துவிடுமோ என அஞ்சி, ஒரு கையால் கண்ணைத் துடைத்தபடி மறுகையால் எழுதிக்கொள்வது…"

கந்தையா அம்மான் என் காதோரம் குனிந்தார். "நல்லாய் எழுதியிருக்கிறான். ஆரடா இது?" என்றார்.

"ஒன்று: மேற்படி சபாரத்தினம், ஏழு வயதில் புளியமரத்தால் விழுந்து, அன்று தொட்டு ஒரு காலை இழுத்து நடப்பவன்."

வேலுப்பிள்ளையரைப் பார்த்தேன். அவர் கையைக் காதில் குவித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இரண்டு: பௌர்ணமிப் பறுவம் தோறும் வலிப்பு வந்து, நாலு பேர் பிடித்தாலும் அடங்காதவன். மூன்று: பொழுது பட்டால் கண் தெரியாது. நாலு: இடது காது பிறந்த நாள் முதல் கேளாது. ஐந்து: மூச்சிழுக்கும் தொய்வு வருத்தம், பத்து அடி நடந்தால் இருந்துவிடுவான். ஆறு: புத்தி மந்தம். துவக்கை எந்தப் பக்கத்தால் பிடிப்பதென்று எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் அறியான். ஆதலால் இவனைச் சண்டைக்கு அனுப்புவது பகைவனுக்கே உதவியாய் முடியும்."

வாங்குகளில் சிரிப்புத் தொடங்கியது. ஒற்றைக் கையோடு இருந்த ஒரு பட்டாளத்துக்காரன் அந்தக் கையால் தொடையில் அடித்துச் சிரித்தான். நான் எரிமலையாகி எழுந்தேன். "ஐயா, இதை எழுதின கோழையின்ரை பேரையும் வாசிக்கச் சொல்லுங்கோ" என்று, இங்கிலீசை மறந்து, தமிழிலேயே கத்தினேன். கந்தையா அம்மான் என் காற்சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவருடைய முகம் வெளிறிப் போயிருந்தது. "இரு மோனை, இரு" என்றார். நான் இருக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் கடைசித் தாளைத் திருப்பினார். "இப்படிக்கு, ஏக புத்திரனைத் தவிர வேறு கதியற்ற, காலஞ்சென்ற ஆறுமுகத்தின் விதவை, தங்கம்மா."

தங்கம்மா என் அம்மா. ஆறுமுகம் என் அப்பா. காலஞ்சென்றவர் என் பக்கத்தில் இருந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் பட்டாளத்துக்குப் போன கிழமை, என்னை எப்படியாவது திருப்பி எடுக்க வேண்டும் என்று அம்மா தமையனிடம் ஓடியிருக்கிறார். அம்மான் எழுதியிருக்கிறார். பதில் வரவில்லை. பதில் வராத பெட்டிசம் போய்ச் சேரவில்லை என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அம்மா அப்படித்தான் நினைத்து விட்டுவிட்டார். அம்மானோ ஆயிரம் பெட்டிசம் எழுதியவர், எந்த வருத்தத்தை எந்தத் தாளில் எழுதினார் என்று அவருக்கு எங்கே ஞாபகம்? அது மட்டும் முகாமுக்குப் போய், பைலுக்குள் ஏறி, எனக்கு முன்னால் கொழும்புக்கும் போய், நாலு வருடம் கழித்து வந்து என் கழுத்தைப் பிடித்திருக்கிறது. நானோ எட்டு மாதம் வெயிலில் நடந்து அதைக் கேட்டு வாசிப்பித்திருக்கிறேன்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தங்கம்மா என்பவர் வந்திருக்கிறாரா?"

அம்மா எழுந்தார். ஏற்கெனவே மாட்டிறைச்சிக் கோபம் இருந்தது. அம்மா பயந்து நடுங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினார். அது நல்ல சகுனம் இல்லை.

"இது நீர் அனுப்பியதா?"

"ஓம் ஐயா. நான்தான் எழுதுவிச்சனான்."

"இதில் உள்ளது உண்மையா?"

"எல்லாம் பொய்" என்றார் அம்மா. "ஒரு சொல்லும் உண்மை இல்லை. பெத்த பிள்ளையைச் சண்டைக்குத் தா எண்டு கேட்டால் எந்தத் தாய் ஐயா உண்மை சொல்லுவாள்? உங்கடை தாய் சொல்லுவாவோ? என்ரை பிள்ளை புளியிலை ஏறினால் அணில் மாதிரி. ஒருநாளும் விழேல்லை. நல்ல காலோடை கொண்டு போனீங்கள். இப்ப இழுக்கிற காலோடை தந்திருக்கிறீங்கள். அதுவும் மாட்டுப் பெட்டியைப் போட்டு முறிச்சுத் தந்திருக்கிறீங்கள். பொய் சொன்னதுக்கு மறியல் எண்டால் என்னைப் பிடிச்சு மறியலுக்குள்ளை போடுங்கோ, போறன். அவன்ரை காலுக்கு உரியதை அவனுக்குக் குடுங்கோ."

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் இங்கிலீசில் தொடங்கினார். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்குத் தமிழ் விளங்கியிருந்தது. பிறகு அப்பாவைப் பார்த்து, "இவர் யார்?" என்று கேட்டார்.

"என்ரை மனிசன்" என்றார் அம்மா.

"இதில் நீர் விதவை என்று இருக்கிறதே?"

அப்பா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு எழுந்தார். "நான் செத்தது எனக்கு இப்பதான் ஐயா தெரியும்" என்றார்.

தலைவரின் மீசை ஆடியது. கிளாக்கரிடமிருந்து பைலைத் தானே வாங்கி, அந்த மூன்று தாளுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று புரட்டினார். நின்றார். ஒரு தாளை வாசித்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார். "இதையும் வாசிக்க வேண்டுமா? உமக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம்" என்றார்.

இதற்கு மேல் என்ன சங்கடம் இருக்கிறது? "வாசியுங்கோ" என்றேன்.

அது முகாம் டொக்டரின் அறிக்கை. பெட்டிசம் கிடைத்ததும் என்னைத் திரும்பவும் பரிசோதிக்கும்படி கட்டளை போயிருக்கிறது. எனக்கு அந்த நாள் நல்ல ஞாபகம். என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, ஒற்றைக் காலில் துள்ளச் சொன்னார்கள், காதில் மணிக்கூட்டை வைத்துப் பார்த்தார்கள், மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். என்னை அதிகாரியாக்கத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்து, சொன்ன தூரத்தைப் போல இரண்டு மடங்கு துள்ளினேன். துள்ளி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே, அதிகாரிமாருக்குத் தனி அறை உண்டோ என்று டொக்டரைக் கேட்டேன். அவர் ஏதோ எழுதினார். தனி அறைக்குத்தான் எழுதுகிறார் என்று எண்ணினேன்.

எழுதினது இதுதான்: "மனுவில் கண்டவனை இன்று முழுமையாகப் பரிசோதித்தேன். இரண்டு காலும் திறம். இடது காலில் நாற்பது யார் தூரம், வலது காலில் நாற்பது யார் தூரம் துள்ளச் சொன்னேன். சொல்லாமலே திரும்பவும் துள்ளி வந்தான். வலிப்பு, மாலைக்கண், தொய்வு எதுவும் இல்லை. இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. மனு முழுவதும் பொய். ஆறாவதாகச் சொல்லப்பட்ட புத்தி மந்தத்தை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. சண்டைக்கு மிகவும் தகுதியானவன்."

இந்தமுறை வாங்குகள் மட்டும் அல்ல, கிளாக்கரும் சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் பல்லை அன்றுதான் கண்டேன். எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஆனாலும் அந்த அறிக்கையில் ஒரு வரி என் மண்டையில் ஏறிவிட்டது. இடது காலில் நாற்பது யார். முறிந்தது இடது கால். சேரும்போது அது திறம் என்று அவர்களுடைய டொக்டரே எழுதியிருக்கிறார், அதுவும் அம்மாவின் பொய் போனபடியால்தான் எழுதியிருக்கிறார்.

"ஐயா, இதைத் திரும்பவும் ஒருக்கால் வாசிச்சு, என்ரை விசாரணையிலை பதியவேணும்" என்றேன்.

"புத்தி மந்தத்தையும் சேர்த்தா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"சேர்த்து வாசியுங்கோ. கால் திறம் எண்டு எழுதின அதே கைதானே அதையும் எழுதினது. ஒண்டை எடுத்து ஒண்டை விட ஏலாது."

வாசித்தார். வஞ்சகம் இல்லாமல், முழுத் தொண்டையில் வாசித்தார். நான் அட்டென்சனில் நின்று என் புத்தி மந்தத்தை இரண்டாம் முறை கேட்டுக்கொண்டேன். தலைவர் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது வேலுப்பிள்ளையர் குடையை விரித்துக்கொண்டு நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு போய், "அண்ணை, பிழை என்னிலைதான்" என்றேன்.

"பரவாயில்லை தம்பி" என்றார் அவர். "ஆனால் நான் எழுதினதெண்டு என்னெண்டு நினைச்சனீ? எனக்குக் கூடிப் போனால் இரண்டு வருத்தம்தான் வரும். ஆறு வருத்தத்துக்கு நான் எங்கை போறது?"

அடுத்த தரம் வேலி அடைக்கும்போது அவர் இரண்டு சாண் தள்ளி நட்டார். எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தத் துண்டு இன்றைக்கும் அவர்களுடைய பக்கத்தில்தான் இருக்கிறது.

திரும்பும் ரயிலில் அம்மா யன்னலோரம் இருந்தார், என் காலை விட்டு ஒரு முழம் தள்ளி. (வீட்டுக்குப் போய் மஞ்சள் தண்ணீரால் மூன்று முறை கழுவின பிறகுதான் கிட்ட வந்தார்.) கந்தையா அம்மான் யாருடைய முகத்தையும் பார்க்காமல் வெளியே பனைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபப்படவும் தெரியவில்லை, சிரிக்கவும் தெரியவில்லை.

"ஒரு வருத்தம் எழுதினால் காணாதே அம்மா? ஏன் ஆறு?" என்று கேட்டேன்.

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒண்டுக்கு விடாட்டிலும் மற்றதுக்கு விடுவினம் எண்டு நினைச்சன்."

அந்த முகாமில் நான் அதிகாரியாகும் ஆசையில் ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டிருந்த அந்த நாளில், இங்கே இவர் தபால்காரனின் மணிச்சத்தத்துக்கு வாசல் படலையடியில் நின்றிருக்கிறார்.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. பென்சன் கிடைத்தது. தோட்டம் தப்பியது. துலா மிதிக்க ஆள் வந்தது. அதே உறைக்குள், எட்டு மாதம் நான் கேட்டுத் திரிந்த பத்திரங்கள் அத்தனையும் ஒழுங்காக மடித்து வந்திருந்தன. (விசாரணை முடிந்துவிட்டதல்லவா, இனித் தரலாம்.) மேலே கிளாக்கரின் கையெழுத்தில், "தாங்கள் கேட்டபடி" என்று இருந்தது.

"என்ரை பெட்டிசமும் வந்திருக்கோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம்."

"பொய் எண்டு எழுதியிருக்கினமோ?"

"குறுக்காலை சிவப்பு மையிலை எழுதியிருக்கினம், அம்மா."

கிழித்து அடுப்பில் போடச் சொல்வார் என்று நினைத்தேன். அம்மா அதை வாங்கினார். இங்கிலீசு ஒரு எழுத்தும் தெரியாது. அந்தச் சிவப்பு எழுத்தை மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"பத்திரமாய் வை" என்றார். "நாளைக்கு என்ரை பேரப்பிள்ளையளுக்கு வாசிச்சுக் காட்டு. உன்னை நான் சும்மா அனுப்பேல்லை எண்டு அவையள் அறியட்டும்."

வாசித்துக் காட்டினேன். இப்போதும் காட்டுகிறேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை பிள்ளைகள் வரிசையாக "பொய்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ஆறாவதுக்கு வந்ததும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். குசினிக்குள்ளிருந்து என் மனைவி, "அதை மறுக்க ஏலாது" என்பாள்.